லீவுக்கு ஊருக்கு வந்த பொருளாதாரம்

போன சித்திரையில எங்க அக்கா மக ஒரு கத்தைக் காகிதத்தோட வீட்டுக்கு வந்து நின்னா. மதுரையில எம்.ஏ. பொருளாதாரம் படிக்கிறா. லீவுல ரெண்டு மாசம் ஆராய்ச்சி வேலை கிடைச்சிருக்காம். சம்பளம்னு பெரிசா ஒண்ணும் இல்ல, பஸ் செலவும் சாப்பாட்டுச் செலவும் தேறும். தலைப்பு, சூழலியல் பொருளாதாரம்.

"அப்படின்னா என்னம்மா?"ன்னு கேட்டேன்.

"காசு மட்டும் கணக்கு இல்ல மாமா. தண்ணி, மண்ணு, மேய்ச்சல் எல்லாத்தையும் கணக்குல சேக்குறது."

"இதையெல்லாம் எங்க தாத்தா அந்தக் காலத்துலயே..."ன்னு கொசுவத்தி சுத்த ஆரம்பிச்சேன். "அதைக் கேக்கத்தான் வந்திருக்கேன், உக்காருங்க"ன்னு பேனாவைத் திறந்துட்டா.

அன்னிக்கு அவ கேட்ட ஒரு கேள்விக்கு நான் பதில் சொல்லல. அதைக் கடைசியில சொல்றேன். அவ போனப்புறம் எனக்கு வழக்கமா வர்ற வியாதி வந்துருச்சு. படிக்கிற பிள்ளைகளை லீவுல ஊருக்கு அனுப்பி, ஊரோட வரவு செலவை எழுதச் சொல்ற இந்தப் பழக்கம் எப்ப வந்தது? ஏதோ வெளிநாட்டுக்காரன் இப்பக் கொண்டுவந்த புதுசுன்னு நெனச்சேன். தோண்டிப் பாத்தா, நூறு வருஷத்துக்கு முந்தியே நம்ம ஊர்ப்பக்கம், சிவகாசிக்குப் பக்கத்துல ஒரு கிராமத்துல நடந்திருக்கு. வெளிநாட்டுக்காரர்ங்கிறது மட்டும் சரிதான் :-)

*

1915ல சென்னைப் பல்கலைக்கழகத்துல இந்தியப் பொருளாதாரத்துக்குன்னு ஒரு பேராசிரியர் வேலை உண்டாக்கி, கில்பர்ட் ஸ்லேட்டர்னு ஒருத்தரை இங்கிலாந்துல இருந்து வரவழைச்சாங்க. அதுக்கு முன்னால ஆக்ஸ்போர்டுல ரஸ்கின் கல்லூரிக்கு முதல்வரா இருந்தவர். தொழிலாளிகள் படிக்கிறதுக்காகத் தொடங்கின கல்லூரி அது. 1907ல அவர் எழுதின புத்தகம் இங்கிலாந்து விவசாயிகளைப் பத்தினது. ஊருக்குப் பொதுவா இருந்த நிலங்களை வேலி போட்டு அடைச்சதையும், அதனால சின்ன விவசாயிக்கு என்ன ஆச்சுங்கிறதையும் பத்தி எழுதியிருந்தார். நம்ம பாஷையில சொன்னா, புறம்போக்கு போன கதை.

அப்படிப்பட்ட மனுஷன் சென்னைக்கு வந்து பாக்குறார். இங்க பையன்கள் இங்கிலீஷ் பொருளாதாரப் புத்தகத்தை நெட்டுரு போட்டுக்கிட்டு இருக்காங்க. லண்டன் பேங்க்கைப் பத்தித் தெரியும், சொந்த ஊர்ல நெல்லு என்ன விலைன்னு யாரும் கேட்டதில்ல. ஸ்லேட்டர் ஒரு கேள்விப் பட்டியல் தயார் பண்ணினார். லீவுக்கு ஊருக்குத்தானே போறீங்க, அங்க போயி இதுக்கெல்லாம் பதில் எழுதிட்டு வாங்கன்னு கொடுத்தனுப்பினார். நிலம் யார்கிட்ட எவ்வளவு இருக்கு, என்ன வெள்ளாமை, தண்ணி எங்கிருந்து வருது, கூலி எவ்வளவு, கடன் எவ்வளவு, என்னென்ன தொழில் நடக்குது, எல்லாம் அதுல அடக்கம்.

இது நடந்தது 1916ல. பையன்கள் எழுதிட்டு வந்ததைத் தொகுத்து 1918ல 'சில தென்னிந்தியக் கிராமங்கள்'ங்கிற பொருள்ல இங்கிலீஷ் புத்தகமா வந்தது. அன்னிய மெட்ராஸ் மாகாணம் பெரிசுங்கிறதால தெலுங்கு, மலையாள ஊர்களும் அதுல உண்டு. தமிழ்நாட்டுல அஞ்சு ஊர்: தூசி, இருவேல்பட்டு, பாலக்குறிச்சி, கங்கைகொண்டான், வடமலைபுரம்.

வடமலைபுரம்! சிவகாசிப் பக்கம் இருக்குற அதே வடமலைபுரந்தான். எங்க மம்சாபுரத்துல இருந்து பஸ் ஏறினா மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிறலாம். அப்ப ராமநாதபுரம் மாவட்டம். அந்த மாவட்டமே 1910லதான் பிறந்தது. அதுக்கு முந்தி ஸ்ரீவில்லிபுத்தூர், சாத்தூர் எல்லாம் திருநெல்வேலி ஜில்லா. விருதுநகர் தனி மாவட்டமானது 1985ல.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் வருஷந்தான். சிவகாசிக்காரங்க ரெண்டு பேரு, அய்ய நாடாரும் சண்முக நாடாரும், கல்கத்தா போயித் தீப்பெட்டித் தொழில் கத்துக்கிட்டு வந்து இங்க ஆரம்பிச்சது 1923 வாக்குல. அப்படின்னா, 1916ல அந்தக் காலேஜ் பையன் வடமலைபுரத்துல எழுதின கணக்கு, தீக்குச்சியும் பட்டாசும் இல்லாத சிவகாசிச் சீமையோட கணக்கு. இன்னும் ஏழெட்டு வருஷம் தள்ளி எழுதியிருந்தா அது கிடைச்சிருக்காது. அவனுக்கு அது தெரியாது. லீவுல வாத்தியார் கொடுத்த வேலையைச் செஞ்சான், அவ்வளவுதான்.

*

கதை அதோட முடியல. ஸ்லேட்டர் 1921ல ஊருக்குப் போயிட்டார். அவருக்கு அப்புறம் வந்த பேராசிரியர் பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் 1936-37ல அதே ஊர்களை மறுபடி ஆய்வு பண்ண வச்சு, 1940ல புத்தகமாக் கொண்டுவந்தாங்க. 1960கள்ல மார்கரெட் ஹாஸ்வெல்னு ஒரு அம்மா வந்து அதே வரிசையில சில ஊர்களைப் பாத்து எழுதினாங்க. 1980கள்ல சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்துல இருந்து எஸ். குகன் முயற்சியில மறுபடி கிளம்பினாங்க. வடமலைபுரத்துக்கும் கங்கைகொண்டானுக்கும் வெங்கடேஷ் ஆத்ரேயா போனார். 2008ல இருவேல்பட்டுக்கு ஜான் ஹாரிஸ், ஜெயரஞ்சன், நாகராஜ் மூணு பேரும் போனாங்க. (இந்த ஜெயரஞ்சன்தான் 2021ல தமிழ்நாட்டு அரசோட திட்டக்குழுவுக்குத் துணைத்தலைவரா வந்தவர்.)

யோசிச்சுப் பாருங்க. பெரிய கோயிலோ கோட்டையோ இல்லாத ஒரு சாதாரண விவசாயக் கிராமம். அந்த ஊரைப் பத்தி 1916, 1936, 1980கள்னு தலைமுறைக்கு ஒரு கணக்கு எழுத்துல இருக்கு. யாரு நிலம் வித்தா, யாரு வாங்கினா, எந்த வெள்ளாமை போயி எந்த வெள்ளாமை வந்தது, கண்மாய்த் தண்ணி போயி கிணத்துத் தண்ணி எப்ப வந்தது எல்லாத்தையும் ஒண்ணுக்குப் பக்கத்துல ஒண்ணு வச்சுப் பாக்கலாம். இருவேல்பட்டுல 1916ல படியாள்னு ஒரு முறை இருந்திருக்கு. நிலக்காரர் வீட்டுல கடன்பட்டு, பரம்பரையா அவருக்கே வேலை செய்யறது. 2008ல போனவங்க பாக்கும்போது அது இல்ல. இல்லாமப் போனதை எப்படிச் சொல்ல முடியுது? இருந்ததை ஒருத்தன் எழுதி வச்சதாலதான்.

அந்தப் பையன்களைப் பத்தி நெனச்சா எனக்கு இன்னொண்ணும் தோணுது. 1916ல காலேஜ் வரைக்கும் போனவன் எந்த மாதிரி வீட்டுப் பிள்ளையா இருந்திருப்பான்னு சொல்ல வேண்டியதில்ல. நிலம் வச்சிருக்குற வீடாத்தான் பெரும்பாலும் இருக்கும். லீவுக்கு ஊருக்குப் போறான். அம்மா பலகாரம் சுட்டு வைக்கிறாங்க. அவன் கையில கேள்வித்தாள். யாருக்கு எவ்வளவு கடன், கூலி எவ்வளவு, கூலி கொடுக்குறது யாருன்னு எழுதணும். திண்ணையில அப்பாரு உக்காந்திருக்கார்.

*

இப்ப நம்ம ஆளுக்கு வருவோம்.

மம்சாபுரத்துல இருந்து மதுரைக்குப் போகணும்னா ஸ்ரீவில்லிபுத்தூர், கிருஷ்ணன்கோவில் தாண்டி டி.கல்லுப்பட்டி வழியாத்தான் போகணும். அங்க காந்தி நிகேதன் ஆசிரமம் இருக்கு. எத்தனையோ தடவை அந்த வழியாப் போயிருக்கேன், பெரும்பாலும் தூங்கிக்கிட்டே. ஒரு தடவை கூட இறங்கிப் பாத்ததில்ல. ஜே.சி. குமரப்பா தன்னோட கடைசி வருஷங்களை அங்கதான் கழிச்சார்ங்கிறதே எனக்கு ரொம்ப லேட்டாத்தான் தெரியும்.

1892ல தஞ்சாவூர்ல பிறந்தவர். லண்டன்ல கணக்குத் தணிக்கை படிச்சு, பம்பாய்ல கோட்டும் சூட்டுமாத் தொழில் நடத்தினவர். அப்புறம் அமெரிக்கா போயி சிராக்யூஸ்லயும் கொலம்பியாவுலயும் படிச்சார். கொலம்பியாவுல செலிக்மன்கிற பேராசிரியர்கிட்ட, வெள்ளைக்காரன் வரிபோட்டு இந்தியாவை எப்படி ஏழையாக்கினான்னு ஆராய்ச்சி பண்ணினார். அந்தக் கட்டுரையைக் கையில எடுத்துக்கிட்டு 1929 மே மாசம் சபர்மதியில காந்தியைப் பாக்கப் போனார். காந்தி அதைத் தன் பத்திரிகையில போடுறேன்னு சொன்னதோட விடல. குஜராத்துல ஒரு கிராம ஆய்வு பண்ணித் தரமுடியுமான்னு கேட்டார். எனக்குக் குஜராத்தி தெரியாதேன்னார் இவர். குஜராத் வித்யாபீடத்து மாணவர்கள் உதவிக்கு இருக்காங்கன்னார் காந்தி.

கேடா மாவட்டம், மாதர் தாலுகா. தஞ்சாவூர்க்காரர் தலைமையில வித்யாபீடத்துப் பிள்ளைகள் 54 கிராமங்களுக்குப் போயி வீடு வீடா வரவு செலவு எழுதினாங்க. விளைச்சல் என்ன, மாடு எத்தனை, கடன் எவ்வளவு, இதுல சர்க்காருக்குக் கட்டுற தீர்வை எவ்வளவு. ஜனங்களோட சக்திக்கும் போட்ட தீர்வைக்கும் சம்பந்தமே இல்லைன்னு அந்தக் கணக்கு சொல்லிச்சு. 1931ல அறிக்கை புத்தகமா வந்தது. தணிக்கைக்காரர் இல்லையா, சர்க்காரோட கணக்கையே தணிக்கை பண்ணிட்டார்!

அதே வித்யாபீடத்து மாணவர்கள் 1930 மார்ச்சுல என்ன பண்ணினாங்க தெரியுமா? தண்டி யாத்திரை கிளம்பினப்போ, காந்திக்கு முன்னால ஊர் ஊராப் போற முன்னோடிக் குழு ஒண்ணு இருந்தது. 'அருண் துக்டி'ன்னு பேரு, விடியல் படைன்னு வச்சுக்கலாம். காந்தி ஒவ்வொரு ஊர்லயும் தனக்கு என்னென்ன விவரம் தயாரா இருக்கணும்னு முன்கூட்டியே எழுதியிருந்தார். ஜனத்தொகை, தீண்டப்படாதவங்கன்னு ஒதுக்கப்பட்டவங்க எத்தனை பேர், பள்ளிக்கூடம் உண்டா, ராட்டை எத்தனை, ஆளுக்கு உப்பு எவ்வளவு செலவாகுது, மாட்டுக்கு எவ்வளவு, பசு எருமை எத்தனை, ஏக்கருக்குத் தீர்வை என்ன, பொது மேய்ச்சல் நிலம் எவ்வளவு. உப்புக்கு நடக்கப்போற மனுஷன் மேய்ச்சல் நிலத்தைக் கேக்குறார் பாருங்க. சாயங்காலம் அந்த ஊர்லயே மேடையில அந்த ஊர்க் கணக்கை வச்சுப் பேசுவார். எங்க அக்கா மக கையில இருந்த காகிதத்துலயும் ஏழாவது கேள்வி மேய்ச்சல் நிலந்தான்.

குமரப்பா அப்புறம் ஜெயிலுக்குப் போனார், 1934 கடைசியில உண்டான அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கத்துக்குச் செயலாளரானார், வார்தாவுல மகன்வாடியில உக்காந்து செக்கு, ஆலை, கருப்பட்டின்னு ஒவ்வொண்ணா ஆராய்ச்சி பண்ணினார். மண்ணெண்ணெய்க்குப் பதிலாத் தாவர எண்ணெயில எரியற விளக்கு ஒண்ணு அங்க உருவாச்சு. கரும்புச் சீனிக்கு நல்ல நஞ்சை நிலம் போகுது, பனை தரிசுலயே நிக்குதேன்னு பனைவெல்லத்துக்கு ஆதரவு. 1945ல, ஜெயில்ல இருக்கும்போது எழுதினதுதான் 'எகானமி ஆஃப் பெர்மனன்ஸ்'. நிலைத்த பொருளாதாரம்னு தமிழ்ல சொல்லலாம்.

அதுல பிழைப்புல அஞ்சு வகை சொல்றார். ஆட்டை அடிச்சுத் தின்கிற புலி, மாந்தோப்புல புகுந்து பழத்தைப் பிடுங்குற குரங்கு, தானே கூடு கட்டிக்கிற குருவி, கூட்டமா உழைச்சுத் தேன் சேக்குற தேனீ, குஞ்சுக்கு இரை தேடுற தாய்ப்பறவை. இதுல ரெண்டாவதுக்கு விளக்கமே வேண்டாம். சப்பட்டையும் பஞ்சவர்ணமும் காய்க்கிற ராஜபாளையத்துத் தோப்புக்காரங்ககிட்டக் கேளுங்க, குரங்கோட பொருளாதாரத்தை விலாவாரியாச் சொல்லுவாங்க :-)

அவர் சொன்ன இன்னொரு பிரிவினைதான் என்னைப் பிடிச்சு உலுக்கினது. சொத்து ரெண்டு வகையாம். ஒண்ணு, ஆறு காத்து வெயில் மாதிரி வந்துக்கிட்டே இருக்குறது. இன்னொண்ணு, நிலக்கரி பெட்ரோல் மாதிரி தேங்கிக் கிடக்குறது, எடுக்க எடுக்கக் குறையறது. முதல் வகையை வச்சு வாழ்ந்தா நிலைக்கும். ரெண்டாவதை நம்பி வாழ்ந்தா சண்டையிலதான் போயி முடியும்னார்.

இதையெல்லாம் அன்னிக்கு யாரும் பெரிசாக் காதுல வாங்கல. நிக்கோலஸ் ஜார்ஜெஸ்கு-ரோகன் பொருளாதாரத்தையும் வெப்ப இயக்கவியலையும் சேத்துப் புத்தகம் எழுதினது 1971ல. அவரோட மாணவர் ஹெர்மன் டேலி அதை மேல எடுத்துட்டுப் போனார். சூழலியல் பொருளாதாரத்துக்குன்னு தனிப் பத்திரிகை 1989ல வந்தது, இந்தியாவுல தனிச் சங்கம் 1999ல. அதுக்கெல்லாம் முந்தியே எழுதின நம்ம ஆளை, 'பச்சைக் காந்தியர்'னு ராமச்சந்திர குகா அடையாளம் காட்டினார். 2016ல வேணு மாதவ் கோவிந்து, தீபக் மல்கன் ரெண்டு பேரும் முழு வரலாறே எழுதினாங்க. தீபக் மல்கன் சூழலியல் பொருளாதாரக்காரர்ங்கிறது கூடுதல் தகவல்.

குமரப்பா தன் குடிலுக்கு வர்றவங்களுக்கு காந்தி படத்தைக் காட்டி இவர் என் எஜமானர்ம்பாராம். பக்கத்துல இருக்குற ஏழை விவசாயியோட படத்தைக் காட்டி, இவர் என் எஜமானருக்கு எஜமானர்ம்பாராம். 1960 ஜனவரி 30ம் தேதி காலமானார். காந்தி செத்த அதே நாள்.

*

இப்ப எங்க கிணத்துக்கு வர்றேன்.

தாத்தா காலத்துல கமலை. ரெண்டு மாடு இழுக்குற வேகந்தான் தண்ணியோட வேகம். மாடு களைச்சா இறைப்பு நின்னுரும், ராத்திரி கிணறு ஊறிக்கும். 1944ல பாபநாசத்துல மின்சாரம் எடுக்க ஆரம்பிச்ச பிறகு, நம்ம பக்கம் ஒவ்வொரு ஊரா கரண்ட் வந்தது. அப்பா காலத்துல மோட்டார் போட்டோம். 1990ல விவசாயத்துக்கு மின்சாரம் முழுசும் இலவசம்னு ஆச்சு. மாடு களைக்கிற மாதிரி மோட்டார் களைக்காது, கரண்டு பில்லும் கிடையாது. கிணறு வத்துச்சு. நான் போர் போட்டேன். மேக்க மலை இருக்கு, மழை பெஞ்சா ஓடை ஓடும், கண்மாய் பெருகும், அதுல கிணறு ஊறும். அது குமரப்பா சொன்ன முதல் வகை. அறுநூறு அடிக்குக் கீழ நான் எடுக்குறது ரெண்டாவது வகை. எங்க குடும்பத்து மூணு தலைமுறையில அவர் புத்தகம் மொத்தமும் இருக்கு.

அக்கா மக முதல்ல கேட்டது, "கிணறு எந்த வருஷம் வத்துச்சு மாமா?"

எனக்குத் தெரியல. அம்மா ஒரு வருஷம் சொன்னாங்க, அத்தை வேற சொன்னாங்க. பெரியவன் பொறந்த வருஷமா, அதுக்கு அடுத்த வருஷமான்னு வாக்குவாதமே நடந்தது. ஒரு குடும்பத்தையே மாத்தின விஷயம், ஒரு இடத்துலயும் எழுதி வைக்கல. வடமலைபுரத்துக்கு 1916 இருக்கு, எங்களுக்கு எங்க கிணறு வத்தின வருஷமே இல்ல.

அடுத்த கேள்வி. "உங்க போர் போட்டப்புறம் பக்கத்துக் கிணறு என்னாச்சு?"

கீழப்பக்கத்துத் தோட்டக்காரரோட கிணறு. என் போர் இறங்கின ரெண்டாவது கோடையில அவருக்குத் தண்ணி நின்னுபோச்சு. போர் போட அவர்கிட்டக் காசு இல்ல. மாட்டை வித்தார், அப்புறம் நிலத்தை வித்தார், மகன் திருப்பூருக்குப் போயிட்டான். இன்னிக்கும் பஜார்ல பாத்தா நல்லாத்தான் பேசுவார். ஒரு வார்த்தை குத்திச் சொன்னதில்ல. அதுதான் கஷ்டமா இருக்கும்.

"அது மழையில்லாத வருஷம்மா"ன்னேன். பொய் இல்ல, மழையும் இல்லதான். அவ என்னையவே பாத்துட்டு, அந்தக் கட்டத்தைக் காலியா விட்டுட்டு அடுத்த கேள்விக்குப் போயிட்டா.

அந்தக் காலிக் கட்டந்தான் என்னை இவ்வளவு படிக்க வச்சது. 1916ல ஏதோ ஒரு பையன் தன் வீட்டுத் திண்ணையில உக்காந்து இந்த மாதிரி ஒரு கட்டத்துக்கு முன்னால முழிச்சிருப்பான். அப்பாருக்குப் பயந்து விட்டிருந்தா, இருவேல்பட்டுப் படியாள் கணக்குல வந்திருக்க மாட்டான். குமரப்பாவோட பிள்ளைகள் சர்க்காருக்குப் பயந்திருந்தா மாதர் தாலுகாவோட வறுமை கணக்குல வந்திருக்காது. காசைத் தவிர மத்ததையும் கணக்குல சேக்குறதுன்னா, எனக்கு லாபம் வந்த பக்கத்துலயே அடுத்தவனோட நஷ்டத்தையும் எழுதறது. இதுக்குப் பேரு பெரிசா இருக்கலாம், விஷயம் இவ்வளவுதான்.

ஒரு வாரம் கழிச்சு அவளுக்குப் போன் பண்ணினேன். "அந்தப் பக்கத்துக் கிணத்துக் கேள்வி இருக்கா இன்னும்?"

"இருக்கு மாமா."

"எழுதிக்கோ"ன்னு சொல்லிட்டு எல்லாத்தையும் சொன்னேன். அந்தப் பக்கம் பேனா ஓடுற சத்தம் மட்டும் கேட்டது. கடைசியில, "பேரு போட மாட்டோம் மாமா, நம்பர் மட்டுந்தான்"ன்னா, ஆறுதலா.

போன மாசம் மதுரைக்குப் போறப்ப டி.கல்லுப்பட்டியில இறங்கணும்னு நெனச்சேன். பஸ்ல தூங்கிட்டேன். திருமங்கலத்துலதான் முழிப்பு வந்தது. அடுத்த தடவை கட்டாயம்.

டிஸ்கி: லீவுக்கு ஊருக்குப் போற மக்களே, ஒரு நாப்பது பக்க நோட்டு வாங்கிட்டுப் போங்க. உங்க ஊர்க் கண்மாய் கடைசியா எந்த வருஷம் மறுகால் பாஞ்சது, உங்க வீட்டுக் கிணறு எந்த வருஷம் வத்துச்சுன்னு பெருசுகள்கிட்டக் கேட்டு எழுதி வைங்க. கேக்கவேண்டியவங்க இருக்கும்போதே கேட்டுருங்க.